டெலிகேட் கூடவே எடுத்துச் செல்லும் ஆப்ஜெக்ட்

ஒரு நிரலில், கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் கிளாஸ் (தகவலையும் ஃபங்ஷன்களையும் சேர்த்துக் கட்டிய அலகு) ஒன்று இருக்கிறது. அதற்கு வேறு வேலை கிடையாது. பெரிய கோப்பு ஒன்றைக் கொடுத்தால் முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை எத்தனை சதவீதம் முடிந்தது என்று யாருக்காவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். யாருக்கு? இன்றைக்குத் திரையில் இருக்கும் விண்டோவுக்கு. நாளைக்கு, நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் எழுதும் வேறொரு கிளாஸுக்கு. யூனிட் டெஸ்ட் ஓடும்போது யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நகலெடுக்கும் கிளாஸுக்கு இவர்களில் ஒருவரையும் தெரிந்திருக்கக் கூடாது. விண்டோவைத் தெரிந்துகொண்டுவிட்டால், அப்புறம் விண்டோ இல்லாத இடத்தில் அதைப் பயன்படுத்தவே முடியாது.

இதைத் தீர்க்க சில வழிகள் உண்டு. நகலெடுக்கும் கிளாஸில் காலியான மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்) ஒன்றை வைத்துவிட்டு, வேண்டியவர்கள் அதிலிருந்து கிளைக்கும் சப்கிளாஸ் எழுதி நிரப்பிக்கொள்ளட்டும் என்று விடலாம். இன்னின்ன மெத்தட்கள் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் இன்டர்ஃபேஸ் ஒன்றை வரையறுத்து, அதைச் செயல்படுத்தும் ஆப்ஜெக்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அல்லது, ‘ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு எதையும் திருப்பித் தராத மெத்தட் ஏதாவது ஒன்றைக் கொடுங்கள், ஒவ்வொரு சதவீதத்துக்கும் அதைக் கூப்பிடுகிறேன்’ என்று மட்டும் சொல்லலாம். இந்தக் கடைசி வழிதான் டெலிகேட். கொடுக்கிறவரின் கிளாஸ் எது என்று தெரிய வேண்டாம், மெத்தட்டின் பெயர்கூட வேண்டாம். உள்ளே போகும் மதிப்புகளின் டைப்பும் வெளியே வரும் டைப்பும் பொருந்தினால் போதும்.

டெலிகேட் பற்றிப் பாடம் எடுக்கும் பல இடங்களில் ‘டைப் பாதுகாப்புள்ள ஃபங்ஷன் பாயிண்டர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஃபங்ஷன் பாயிண்டர் என்றால் ஒரு ஃபங்ஷன் மெமரியில் இருக்கும் இடத்தின் முகவரி. அந்த வரியில் தப்பில்லை. ஆனால் அது பாதி விஷயம்தான். டெலிகேட்டுக்குள் எந்த மெத்தட்டைக் கூப்பிட வேண்டும் என்ற தகவலோடு, அந்த மெத்தட் எந்த ஆப்ஜெக்டின் மேல் ஓட வேண்டுமோ அந்த ஆப்ஜெக்டும் உட்கார்ந்திருக்கிறது. டெலிகேட்டின் பலம் முழுக்க அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதோடு நாம் படுகிற பாட்டில் பெரும்பங்கும் அங்கிருந்துதான் வருகிறது.

அந்தப் பாதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க சி மொழிக்குப் போகலாம். அதில் வரிசைப்படுத்த க்யூசார்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. எதைப் பெரிது என்று கொள்வது, எதைச் சிறிது என்று கொள்வது என்பதை அதற்குத் தெரிவிக்க ஒப்பிடும் ஃபங்ஷன் ஒன்றின் பாயிண்டரைக் கொடுக்கிறோம். க்யூசார்ட் அந்த ஃபங்ஷனுக்கு இரண்டு உறுப்புகளை மட்டும் கொடுத்துக் கூப்பிடும். சரி, பயனர் திரையிலுள்ள அட்டவணையில் எந்தப் பத்தியை (நெடுவரிசையை) தட்டினாரோ அந்தப் பத்தியின்படி வரிசைப்படுத்த வேண்டும் என்றால்? பத்தி எது என்ற தகவலை ஒப்பிடும் ஃபங்ஷனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வழியே இல்லை. குளோபல் வேரியபிளில் போட்டு வைக்கலாம். இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் வரிசைப்படுத்தத் தொடங்கினால் ஒன்றின் தகவலை மற்றது அழித்துவிடும். இந்தத் தொல்லை தெரிந்துதான் பிற்பாடு வந்த பல சி லைப்ரரிகள், ஃபங்ஷன் பாயிண்டரை வாங்கும்போதே கூட, எந்த டைப் என்று சொல்லாத ஒரு வாய்ட் பாயிண்டரையும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. ‘இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உன் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது அப்படியே திருப்பித் தருகிறேன்’ என்ற ஏற்பாடு அது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரத்தில் புது த்ரெட் தொடங்கும் ஃபங்ஷனும் இப்படித்தான் வேலை செய்கிறது. டெலிகேட்டின் இரண்டு பாதிகளும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. கைகோத்து ஒன்றாக வரவில்லை, அவ்வளவுதான்.

அவற்றை ஒன்றாகக் கட்டிப் பெரும் எண்ணிக்கையிலான நிரலாளர்களின் கையில் கொடுத்தது 1995இல் வந்த டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவி. அதில் ஒரு ஃபங்ஷன் டைப்பை அறிவித்து, இறுதியில் ‘ஆஃப் ஆப்ஜெக்ட்’ என்று சேர்த்தால், அந்த வேரியபிள் இரண்டு பாயிண்டர்களைச் சுமக்கும்: ஒன்று ஓட வேண்டிய நிரலுக்கு, மற்றது அந்த நிரல் ஓட வேண்டிய ஆப்ஜெக்டுக்கு. டெல்ஃபியின் லைப்ரரியிலேயே டிமெத்தட் என்ற சின்ன ரெக்கார்ட் உண்டு. உள்ளே இருப்பவை கோட், டேட்டா என்ற இரண்டே ஃபீல்டுகள். டெலிகேட் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் அந்த ரெக்கார்டைத்தான் காட்டத் தோன்றும்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அதற்கு முந்தைய விண்டோஸ் லைப்ரரிகளைப் பார்த்தால்தான் புரியும். அங்கெல்லாம் திரையில் எதற்காவது சொந்த நடத்தை வேண்டும் என்றால் சப்கிளாஸ் எழுத வேண்டும். விண்டோவுக்கு ஒரு சப்கிளாஸ், வித்தியாசமாக நடந்துகொள்ளும் கட்டுப்பாட்டுக்கு இன்னொரு சப்கிளாஸ். டெல்ஃபியில் பட்டன் பட்டனாகவே இருக்கிறது. ஆன்கிளிக் என்று அதற்கு ஒரு ப்ராபர்ட்டி, அதில் ஃபார்மின் (பட்டன் உட்கார்ந்திருக்கும் விண்டோவின்) மெத்தட் ஒன்றைச் செருகினால் முடிந்தது. ஒரே ஃபார்மில் பத்து பட்டன்கள் பத்து விதமாக வேலை செய்தாலும் எல்லாம் ஒரே கிளாஸ்தான். என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு ஃபார்மிடம் இருக்கிறது, எப்போது செய்ய வேண்டும் என்ற அறிவு பட்டனிடம் இருக்கிறது. இன்ஹெரிட்டன்ஸ் இல்லாமலேயே இவை இரண்டும் சந்திக்கின்றன. ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கத்தில் சப்கிளாஸ்தான் எல்லாவற்றுக்கும் விடை என்று நம்பிய காலத்தில் இது ஒரு பெரிய விடுதலை.

டெல்ஃபியை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் 1996இல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். 1998இல் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஜே++ 6.0 வந்தபோது, ஜாவா மொழிக்குள் டெலிகேட் என்ற புதுச் சொல் நுழைந்திருந்தது. ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் இதைக் கடுமையாக எதிர்த்தது. மைக்ரோசாஃப்ட் தன் பாட்டுக்கு ஜாவாவை மாற்றுகிறது என்ற வழக்கு அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும், சன்னின் ஜாவா குழு வைத்த தொழில்நுட்ப வாதம் படிக்க வேண்டிய ஒன்று. ஜாவா 1.1இலேயே இன்னர் கிளாஸ் (கிளாஸுக்குள் எழுதும் கிளாஸ்) வந்துவிட்டது. ஒரே மெத்தட் உள்ள இன்டர்ஃபேஸை ஓர் இன்னர் கிளாஸ் செயல்படுத்தினால் டெலிகேட் செய்வதை எல்லாம் அது செய்யும். மொழியில் புதிதாக எதையும் திணிக்க வேண்டாம். எல்லாம் ஆப்ஜெக்டாகவும் கிளாஸாகவும் இருக்கும் எளிமை கெடக் கூடாது. இதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். இன்டர்ஃபேஸைச் செயல்படுத்தும் ஆப்ஜெக்டைக் கொடுக்கும்போது, ‘இதோ ஓர் ஆப்ஜெக்டைக் கொடுக்கிறேன்’ என்பது நிரலில் கண்ணுக்குத் தெரிகிறது. டெலிகேட்டில் அது தெரிவதில்லை. ஒரு மெத்தட்டின் பெயரை மட்டும் எழுதுகிறோம், ஆப்ஜெக்ட் சத்தமில்லாமல் கூடவே போய்விடுகிறது. ஆனால் ஜாவா நிரலாளர்கள் பல ஆண்டுகள் ஒரு வரி வேலைக்கு ஐந்தாறு வரி இன்னர் கிளாஸ் எழுத வேண்டியிருந்தது. 2014 மார்ச்சில் ஜாவா 8 வந்தபோது லாம்ப்டாவும் (வேண்டிய இடத்திலேயே பெயரில்லாமல் எழுதும் ஃபங்ஷன்) மெத்தட் ரெஃபரன்ஸும் (இருக்கும் மெத்தட்டைப் பெயரால் சுட்டுவது) வந்தன. அங்கேயும் அடியில் இருப்பது ஒரே மெத்தட் உள்ள இன்டர்ஃபேஸ்தான். சன் காட்டிய வழியிலேயே நடந்து, மைக்ரோசாஃப்ட் விரும்பிய சுருக்கத்தை அடைந்தார்கள் என்று சொல்லலாம்.

மைக்ரோசாஃப்ட் பக்கம், டெலிகேட் 2002இல் வெளிவந்த சி ஷார்ப்பின் முதல் பதிப்பிலிருந்தே மொழியின் அங்கம். அங்கே ஒவ்வொரு டெலிகேட்டும் ஓர் ஆப்ஜெக்ட். டார்கெட், மெத்தட் என்று அதற்கு இரண்டு ப்ராபர்ட்டிகள் உண்டு. டிபக்கரில் நிறுத்தி ஏதாவது ஒரு டெலிகேட்டைத் திறந்து பாருங்கள், இரண்டும் தெரியும். எந்த ஆப்ஜெக்டையும் சாராத ஸ்டாடிக் மெத்தட்டைக் கொடுத்திருந்தால் டார்கெட் நல் (ஒன்றுமில்லை) என்று வரும். சாதாரண மெத்தட்டைக் கொடுத்திருந்தால் எந்த ஆப்ஜெக்டிலிருந்து கொடுத்தீர்களோ அதுவே அங்கே நிற்கும்.

டார்கெட்டைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் பராமரிக்க வாங்கிய ஒரு டெஸ்க்டாப் நிரல், காலையில் திறந்தால் நன்றாக ஓடும், மாலைக்குள் தள்ளாட ஆரம்பித்துவிடும். வாடிக்கையாளர் விவரத்தைத் திருத்தும் விண்டோவை நாள் முழுக்கத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார்கள். மூடினாலும் மெமரி குறையாது. மெமரி ப்ரொஃபைலரில் படம் எடுத்துப் பார்த்தால், எப்போதோ மூடிய விண்டோக்கள் கூட்டமாக உயிரோடு இருந்தன, ஒவ்வொன்றும் தன் அட்டவணையையும் அதிலிருந்த வரிசைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. இவற்றை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ப்ரொஃபைலரிடம் கேட்டபோது அது காட்டிய பாதை இப்படி இருந்தது: நிரலின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) வைத்திருக்கும் ஸ்டாடிக் கிளாஸ், அதிலிருந்து ‘அமைப்பு மாறியது’ என்ற ஈவென்ட் (சேர்ந்தவர்களுக்கெல்லாம் டெலிகேட் வழியே அறிவிப்பது), அதற்குள் ஒரு டெலிகேட், அதற்குள் டெலிகேட்களின் வரிசை, அந்த வரிசையில் ஒன்றின் டார்கெட், அங்கே நம் விண்டோ.

விண்டோவின் கன்ஸ்ட்ரக்டரில் (அதை உருவாக்கும்போது ஓடும் நிரலில்) ஒரே ஒரு வரிதான் இதற்குக் காரணம். எழுத்தின் அளவு மாறினால் எனக்குச் சொல் என்று, அமைப்புகளின் ஈவென்டில் += போட்டுத் தன் மெத்தட்டைச் சேர்த்திருந்தது. அந்த வரியைப் படிப்பவருக்கு விண்டோதான் அமைப்புகளைக் குறிப்பிடுகிறது. விண்டோவுக்கு அமைப்புகளைத் தெரியும், அமைப்புகளுக்கு விண்டோவைத் தெரியாது என்றே மனம் படித்துக்கொள்கிறது. நிரலின் எழுத்தில் அது உண்மை. மெமரியில் அம்பு நேர் எதிராகப் பாய்கிறது: அமைப்புகள்தான் விண்டோவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டாடிக் கிளாஸுக்கு நிரல் முடியும்வரை ஆயுள். அதனால் அது பிடித்தவற்றுக்கும் அதே ஆயுள். பயனில்லாத மெமரியை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. உயிரோடு இருக்கும் ஒன்றிலிருந்து ரெஃபரன்ஸ் இருக்கும்வரை அது எதையும் அகற்றாது.

மெமரி மட்டும் போவதில்லை. எழுத்தின் அளவை மாற்றினால் மூடிய விண்டோக்களின் மெத்தட்களும் ஓடும். ஏற்கெனவே அழிக்கப்பட்ட கட்டுப்பாடுகளைத் தொட முயன்று எக்ஸெப்ஷன் (பிழை) எறியும். பயனர் எங்கோ அமைப்பை மாற்றுகிறார், பிழைச் செய்தி எங்கிருந்தோ வருகிறது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று நினைக்கவே தோன்றாது.

இதற்குப் பயந்து எல்லா இடத்திலும், சேர்த்ததை நீக்கும் -= எழுதத் தேவையில்லை. விண்டோ தன் சொந்தப் பட்டனின் ஈவென்டில் சேர்ந்திருந்தால், பட்டனும் விண்டோவும் ஒன்றாகவே போய்விடும். அங்கே விலகும் வரி வெறும் சத்தம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஈவென்டை வைத்திருப்பவருக்கு, அதில் சேருகிறவரைவிட ஆயுள் அதிகமா? அதிகம் என்றால் விலகும் வரி கட்டாயம் வேண்டும். நான் நிரலைப் பரிசோதிக்கும்போது += கண்ணில் பட்டால் முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன்.

விலகுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. -= வேலை செய்ய, நீக்க வேண்டிய டெலிகேட்டுக்குச் சமமான ஒன்று வரிசையில் இருக்க வேண்டும். மெத்தட்டும் ஒன்றாக இருந்து, டார்கெட்டும் ஒரே ஆப்ஜெக்டாக இருந்தால்தான் இரண்டு டெலிகேட்கள் சமம். பெயருள்ள மெத்தட்டைச் சேர்த்து, அதே பெயரை நீக்கினால் சரியாக நடக்கும். லாம்ப்டாவைச் சேர்த்துவிட்டு, நீக்கும்போது அதே லாம்ப்டாவை எழுத்துக்கு எழுத்து மாறாமல் மறுபடி எழுதினால் ஒன்றும் நடக்காது. கம்பைலருக்கு அவை இரண்டு தனித்தனி லாம்ப்டாக்கள். பிழையும் வராது, எச்சரிக்கையும் இருக்காது, -= பேசாமல் கடந்து போய்விடும். நீக்க வேண்டிவரும் என்று தெரிந்தால் லாம்ப்டாவை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு, அதே வேரியபிளால் சேர்த்து அதே வேரியபிளால் நீக்க வேண்டும்.

லாம்ப்டாவுக்கு டார்கெட் எது என்ற கேள்வி இன்னும் ஆழமானது. ஒரு மெத்தட்டுக்குள் இருக்கும் உள்ளூர் வேரியபிளை லாம்ப்டா தொட்டால், கம்பைலர் நமக்குத் தெரியாமல் ஒரு கிளாஸை உருவாக்கி, அந்த வேரியபிளை அதன் ஃபீல்டாக மாற்றிவிடுகிறது. அந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட்தான் லாம்ப்டாவின் டார்கெட். லூப்பின் வேரியபிளைப் பிடித்த லாம்ப்டாக்கள் எல்லாம் கடைசி மதிப்பையே காட்டும் பழைய புதிரின் காரணம் இதுவே. அவை பிடித்தது மதிப்பை இல்லை, எல்லாருக்கும் பொதுவான ஒரே வேரியபிளை. 2012இல் வந்த சி ஷார்ப் 5, ஃபோர்ஈச் லூப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேரியபிள் என்று மாற்றியது. சாதாரண ஃபோர் லூப் இன்றும் பழையபடிதான்.

இதைவிட நுணுக்கமானது, பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. ஒரே வட்டத்துக்குள் (ஸ்கோப்) இரண்டு லாம்ப்டாக்கள் இருந்தால், இரண்டும் பிடிக்கும் வேரியபிள்கள் எல்லாம் கம்பைலர் உருவாக்கும் ஒரே கிளாஸுக்குள் போகின்றன. முதல் லாம்ப்டா பெரிய படம் ஒன்றைப் பிடிக்கிறது, வேலை முடிந்ததும் போய்விடுகிறது. இரண்டாவது லாம்ப்டா ஒரு சின்ன எண்ணை மட்டும் பிடிக்கிறது, ஆனால் நீண்ட ஆயுளுள்ள ஈவென்டில் சேர்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் டார்கெட் ஒன்று என்பதால், எண்ணைப் பிடித்தவர் படத்தையும் சேர்த்தே பிடித்திருக்கிறார். நிரலை எவ்வளவு உற்றுப் படித்தாலும் இது தெரியாது. டார்கெட் என்று ஒன்று உண்டு, அது ஓர் ஆப்ஜெக்ட் என்று தெரிந்தவருக்கு மட்டுமே சந்தேகம் வரும்.

ஒரு டெலிகேட்டில் பல மெத்தட்களைச் சேர்க்கலாம் என்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சேர்த்த வரிசையில் கூப்பிடும், நடுவில் ஒன்று எக்ஸெப்ஷன் எறிந்தால் மீதி ஓடாது, திருப்பித் தரும் மதிப்புகளில் கடைசியானது மட்டுமே கிடைக்கும். டெலிகேட் மாறாத ஆப்ஜெக்ட் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் நல்லது. += பழையதில் சேர்ப்பதில்லை, புதிதாக ஒன்றை உருவாக்கி வைக்கிறது. அதனால்தான் ஈவென்டைக் கூப்பிடுமுன் உள்ளூர் வேரியபிளில் எடுத்து வைத்துக்கொண்டால் வேறு த்ரெட் அதைக் கலைக்க முடியாது. சி ஷார்ப் 6இலிருந்து கேள்விக்குறியோடு கூப்பிடும் சுருக்கமும் இதையே செய்கிறது. இதன் மறுபக்கம், ஒரு த்ரெட்டில் விலகிய பிறகும் இன்னொரு த்ரெட்டிலிருந்து கடைசியாக ஓர் அழைப்பு வரக்கூடும். விலகியாயிற்று என்று நம்பி வளங்களை அழித்துவிட்டவருக்கு அந்த ஓர் அழைப்பு போதும்.

திருப்பித் தரும் மதிப்பு என்றதும் ஆப்பிள் பக்கத்து டெலிகேட் நினைவுக்கு வருகிறது. அது வேறு பிறவி. 1989இல் வெளிவந்த நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தில் தொடங்கி, மேக்கின் கொக்கோ லைப்ரரி வழியாக ஐஃபோன் வரை வந்த பழக்கம். அங்கே ஒரு மெத்தட்டைக் கொடுப்பதில்லை, முழு ஆப்ஜெக்டையே டெலிகேட்டாக வைக்கிறோம். விண்டோவை மூடும் பொத்தானை யாராவது அழுத்தினால், விண்டோ தன் டெலிகேட்டிடம் ‘விண்டோ ஷுட் க்ளோஸ்’ என்று கேட்கும். ஆம் என்றால் மூடும், இல்லை என்றால் அப்படியே இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாத டெலிகேட்டும் இருக்கலாம். அங்கே பயன்பட்ட ஆப்ஜெக்டிவ் சி மொழியில் ‘இந்தச் செய்தி உனக்குத் தெரியுமா’ என்று ஓடும்போதே கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

இந்த மெத்தட்களின் பெயரிடும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஷுட் என்று வந்தால் அனுமதி கேட்கிறது. வில் என்று வந்தால் நடக்கப் போகிறது, தயாராகிக்கொள் என்கிறது. டிட் என்று வந்தால் நடந்து முடிந்துவிட்டது. ஒரே டெலிகேட் இரண்டு விண்டோக்களுக்குப் பணியாற்றலாம் என்பதால், எந்த விண்டோ கேட்கிறது என்பதையும் மெத்தட் கூடவே கொண்டுவரும். பெயரைப் பார்த்தே, பதிலுக்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

ஆயுளைப் பற்றிய முடிவும் இங்கே தலைகீழ். ஆப்பிள் உலகில் டெலிகேட்டை வீக் ரெஃபரன்ஸாக (ஆப்ஜெக்டை உயிரோடு பிடித்து வைக்காத ரெஃபரன்ஸாக) வைப்பது வழக்கம். விண்டோவைக் கட்டுப்படுத்தும் ஆப்ஜெக்ட் விண்டோவைப் பிடித்திருக்கும், விண்டோ தன் டெலிகேட்டான அதையே திரும்பப் பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று விடாது. ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை நம்பி மெமரியை விடுவிக்கும் மொழியில் அந்தச் சுழல் தானாக அவிழாது. வீக் என்றால் அந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு வேறொன்று வரும். டெலிகேட் ஆப்ஜெக்டை அந்த இடத்திலேயே உருவாக்கி ஒதுக்கினால், அதைப் பிடிக்க வேறு ஆளில்லாததால் மறுகணமே மறைந்துவிடும். இப்போது ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியின் கம்பைலர் இதை எச்சரிக்கிறது. விதிவிலக்குகளும் உண்டு: இணையத் தொடர்புக்கான யூஆர்எல்செஷன் தன் டெலிகேட்டை இறுக்கமாகவே பிடித்துக்கொள்ளும், செஷனை நாமே முடித்துவைக்கும்வரை விடாது. வீக் என்று பழகிய கை அங்கே ஏமாறும்.

ஒற்றை மெத்தட் டெலிகேட்டா, முழு ஆப்ஜெக்ட் டெலிகேட்டா? என் கணக்கு இது. அறிவிப்பு என்றால் பலர் கேட்கலாம், யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஈவென்ட் போதும். கேள்வி என்றால் பதில் ஒருவரிடமிருந்துதான் வர வேண்டும். மூடலாமா என்று மூன்று பேரிடம் கேட்டு மூன்று பதில் வந்தால் என்ன செய்வது? சி ஷார்ப்பில் விண்டோ மூடும் ஈவென்டில் ‘கேன்சல்’ என்ற ப்ராபர்ட்டியோடு ஓர் ஆப்ஜெக்டை எல்லோருக்கும் அனுப்பி, யார் வேண்டுமானாலும் ட்ரூ என்று எழுதிக்கொள்ளட்டும் என்று சமாளிக்கிறார்கள். பிறகு வருபவர் அதை ஃபால்ஸ் என்று திருப்பி எழுதவும் முடியும். கேள்வியை அறிவிப்பின் வழியே அனுப்புவதால் வரும் வினை இது. ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகள் பல இருந்தால், எத்தனை வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் என்ன, எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது போல, அவற்றை உதிரி டெலிகேட்களாகச் சிதற விடாமல் இன்டர்ஃபேஸாகத் தொகுத்து ஓர் ஆப்ஜெக்டிடம் கேட்பதே முறை. எண்ணிக்கைக்கு ஒருவர், உள்ளடக்கத்துக்கு வேறொருவர் பதில் சொன்னால் இரண்டும் ஒத்துப்போகாது.

எந்த ஆப்ஜெக்டின் மேல் ஓடுகிறது என்ற கேள்வியை ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் வேறு விதத்தில் சந்திக்கிறார்கள். அங்கே ஆப்ஜெக்டின் மெத்தட்டை எடுத்து வேறொருவரிடம் கொடுத்தால் ஃபங்ஷன் மட்டும் போகும், ஆப்ஜெக்ட் பின்தங்கிவிடும். பிறகு கூப்பிடும்போது திஸ் (மெத்தட் ஓடும் ஆப்ஜெக்ட்) என்பது வேறு எதுவாகவோ, ஒன்றுமில்லாததாகவோ இருக்கும். சி ஷார்ப்பில் தேவைக்கு மேல் பிடித்துக்கொள்வது தொல்லை, இங்கே பிடிக்காததே தொல்லை. 2009இல் வந்த பைண்ட்டும் 2015இல் வந்த ஆரோ ஃபங்ஷனும் அந்த விட்டுப்போன பாதியை ஒட்டவைக்கத்தான். பைத்தானில் இந்தக் குழப்பம் இல்லை. ஆப்ஜெக்டின் மெத்தட்டைக் கூப்பிடாமல் பெயரை மட்டும் எழுதினாலே, செல்ஃபையும் (பைத்தானின் திஸ்) ஃபங்ஷனையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம் கைக்கு வருகிறது.

இதே கேள்வி, ஒரு கிளாஸ் தன் வேலையை உள்ளே இருக்கும் இன்னோர் ஆப்ஜெக்டிடம் ஒப்படைக்கும்போதும் தலைகாட்டுகிறது. இன்ஹெரிட்டன்ஸுக்குப் பதில் இதைச் செய்யுங்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள், நானும் சொல்வேன். கோட்லின் மொழியில் ‘பை’ என்ற ஒரு சொல் எழுதினால், இன்டர்ஃபேஸின் மெத்தட்களை எல்லாம் உள் ஆப்ஜெக்டுக்குத் திருப்பிவிடும் நிரலைக் கம்பைலரே எழுதித் தருகிறது. லாக் எழுதும் லாகர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வரியை எழுதும் மெத்தட் ஒன்று, பல வரிகளை எழுதும் மெத்தட் இன்னொன்று. இரண்டாவது உள்ளுக்குள் முதலாவதை வரிக்கு ஒரு முறை கூப்பிடுகிறது. இதைச் சுற்றி ஒரு ரேப்பர் கிளாஸ் எழுதி, ஒரு வரி எழுதும் மெத்தட்டில் மட்டும் நேரத்தைச் சேர்க்கிறோம், மற்றதை அப்படியே உள்ளே அனுப்பிவிடுகிறோம். இப்போது ரேப்பரிடம் பல வரிகளை எழுதச் சொன்னால் நேரம் வருமா?

வராது. அழைப்பு உள்ளே போன கணமே அங்கே திஸ் என்பது உள் லாகர். அது தன் சொந்த மெத்தட்டைத்தான் கூப்பிடும். ரேப்பர் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. சப்கிளாஸாக எழுதியிருந்தால் நேரம் வந்திருக்கும். 1986இல் ஹென்றி லீபர்மேன் டெலிகேஷன் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்த இடத்தைத்தான் தொட்டார்: வேலையை இன்னோர் ஆப்ஜெக்டிடம் ஒப்படைத்தாலும், செல்ஃப் என்பது முதலில் செய்தியைப் பெற்ற ஆப்ஜெக்டாகவே நீடிக்க வேண்டும். டேவிட் உங்காரும் ரேண்டல் ஸ்மித்தும் உருவாக்கிய செல்ஃப் மொழி அப்படித்தான் நடந்துகொண்டது. அதன் தாக்கத்தில் ப்ரோட்டோடைப்பை (தன்னிடம் இல்லாத மெத்தட்டைத் தேடிப் போகும் ஆப்ஜெக்டை) எடுத்துக்கொண்ட ஜாவாஸ்கிரிப்டும் அப்படியே. அங்கே உள் லாகரை ப்ரோட்டோடைப்பாக வைத்தால் ஒவ்வொரு வரியிலும் நேரம் வந்துவிடும். அந்த அளவுகோலில் பார்த்தால், ஜாவாவிலும் கோட்லினிலும் சி ஷார்ப்பிலும் நாம் டெலிகேஷன் என்று சொல்வது அழைப்பை வெறுமனே திருப்பி அனுப்புவதுதான்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், பெரும்பாலும் எனக்குத் திருப்பி அனுப்புவதே வேண்டும். உள் லாகரின் பல வரி மெத்தட் ஒரு வரி மெத்தட்டைக் கூப்பிடுகிறதா இல்லையா என்பது அதன் சொந்த விஷயம். அடுத்த பதிப்பில் எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் எழுதும்படி மாற்றினால், சப்கிளாஸை நம்பி எழுதிய நேரம் அன்றைக்கே காணாமல் போகும், யாருக்கும் தெரியாது. அதனால் இப்படிப்பட்ட ரேப்பரில் இரண்டு மெத்தட்களையும் நானே எழுதிவிடுவேன். பல வரி மெத்தட் உள்ளே இருப்பதைக் கூப்பிடாமல், ரேப்பரின் சொந்த ஒரு வரி மெத்தட்டையே வரிக்கு ஒரு முறை கூப்பிடும். மொத்தமாக எழுதும் வேகம் கொஞ்சம் போகும். லாக் கோப்பைப் பொறுத்தவரை அந்த வேகத்தை விட்டுக்கொடுக்க எனக்குத் தயக்கமில்லை.